மட்டைக்காரன் வந்தால் சரி

உனக்கு எதற்கு இந்த வேண்டாத ஆராய்ச்சி? வந்தோமா, காப்பி குடித்தோமா, போனோமா என்றில்லாமல், அந்தப் பழைய படப் பொட்டலங்களை ஏன் பிரித்தீர்கள், யார் பிரிக்கச் சொன்னது என்று துருவித் துருவிக் கேட்கிறாய். ஒரு வீட்டில் ஆள் சாகக் கிடந்தால் மற்றவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போனால் உனக்கு நல்லது. மாட்டேன், கேட்டுத்தான் தீருவேன் என்றால் கேள். ஆனால் நடுவில் ‘அடப்பாவி’ என்று வாயைப் பிளந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

படப் பொட்டலம் என்பது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மெழுகு பூசிய தாளில் மடித்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே பதினைந்து அட்டைகள், கூடவே ஒரு பபிள்கம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு ஆட்டக்காரன் படம். அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற பேஸ்பால்.

வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். அவர் அப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் ஆறு பேரோடு ஒரே ரூமில் இருந்தார். அமெரிக்கச் சாமான் விற்கிற கடைக்கு வேன் ஓட்டினார். ஊரில் எங்கள் மகனுக்குப் பத்து வயது. கிரிக்கெட் பைத்தியம். ஆட்டக்காரர்கள் படம் வாங்கி வாருங்கள் என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டான். மட்டையும் பந்தும் இருந்தால் அது கிரிக்கெட் என்பது அவர் கணக்கு. லீவுக்கு வரும்போது பால்பவுடர் டப்பா ஒன்றில் பன்னிரண்டு பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மகன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தான்.

“அம்மா, இது கிரிக்கெட் இல்லம்மா. உலக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாய்ங்க.”

“மெதுவாப் பேசுடா. உங்கப்பா தூங்குறாக.”

“அப்பாட்ட சொல்லிறாதம்மா.”

சாயங்காலம் அவர் எழுந்து வந்து, “எப்படிடா இருக்கு படமெல்லாம்?” என்று கேட்டார். “சூப்பரா இருக்குப்பா” என்றான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன்.

அந்த லீவிலேயே அவர் செத்துப்போனார். எப்படி என்று இப்போது கேட்காதே. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மிச்சம் பதினோரு பொட்டலங்களை மகன் பிரிக்கவேயில்லை. காலேஜுக்குப் போனபோது டப்பா கூடவே போனது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் போனது. கல்யாணமாகி துபாய்க்கு வந்து கராமாவில் வீடு எடுத்தபோது, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் போய் உட்கார்ந்தது. ஒருதரம் கேட்டேன்.

“ஏன்டா, இதப் பிரிச்சாத்தான் என்ன? உள்ள பூதமா இருக்கு?”

“பிரிக்காத வரைக்கும் உள்ள கிரிக்கெட் இருக்கலாம்லம்மா” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் எதை மறைக்கச் சிரித்தோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்தத் தடவை நான் விசிட் விசாவில் வந்து மூன்றாவது வாரம். மகன் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். “அம்மா, தலை வெடிக்குதும்மா” என்று ஒரு சத்தம். நான் போவதற்குள் பாத்ரூம் தரையில் கிடந்தான். ஒரு பக்கம் மட்டும் நுரை இருந்தது, மறுபக்கம் வழித்தாகிவிட்டது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அதைத் துடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோனார்கள். அன்று முழுக்க எனக்கு அந்த நுரைதான் கண்ணில் நின்றது. யாராவது துடைத்திருப்பார்களா என்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். கூடவே ஒரு பதிலையும் கொண்டுபோக வேண்டும்.

மருமகள் மதுரைக்காரி. நிறையப் படித்தவள். கம்ப்யூட்டரில் என்னவோ பெரிய வேலை. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்கிற பெண். அன்றைக்கு ஹாலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு அத்தை. இப்பவே தலையைத் திறந்து அடைக்கலாமாம். ஆனா உள்ள வீக்கமா இருக்காம். ஆபரேஷன் நடக்கும்போதே எதுவும் ஆகலாம்னு சொல்றாங்க.”

“தொறக்கலன்னா?”

“நாலஞ்சு நாள் பாக்கலாம். வீக்கம் வத்தினா அப்புறம் செய்யறது ஈஸி. ஆனா அதுக்குள்ள மறுபடி வெடிச்சா அவ்வளவுதான்.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“ரெண்டுலயும் ஆபத்து இருக்கு, நீங்கதான் சொல்லணும்கிறார். பன்னெண்டு மணிக்குள்ள.”

அன்றைக்கு அவள் போனில் பேசாத ஆளில்லை. சென்னையில் அவள் அண்ணன், ஆபீஸ் மேனேஜர், அவர்களோடு படித்த டாக்டர் ஒருவர், ஷார்ஜாவில் முவைலாவில் இருக்கிற தூரத்துச் சொந்தம் ஒருவர். எல்லோரும் அரை மணி நேரம் பேசினார்கள். எல்லோரும் கடைசியில் ‘ஆனா முடிவு உங்களோடதும்மா’ என்று சொல்லி வைத்தார்கள். செய் என்றோ செய்யாதே என்றோ ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

நான் சொன்னேன். “கையெழுத்தப் போட்டுருத்தா.”

“நீங்க சொல்லிருவீங்க அத்தை. போடறது நான். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, காலம் முழுக்க நான்தானே அந்தக் கைய வச்சுக்கிட்டு இருக்கணும்?”

“அப்ப நான் போடுறேன்.”

“நீங்க கைநாட்டு.”

“கைநாட்டுன்னா ஆகாதா? பெத்தவ கட்டைவிரலு.”

“பொண்டாட்டி கையெழுத்துதான் கேக்கறாங்க அத்தை” என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சுவரில் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது. பத்தானது. பத்தேகால் ஆனது. பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரிந்துபோனது. இந்தப் பெண் பன்னிரண்டு மணி வரை இப்படியே உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு மணி தானாகத் தாண்டிப்போகும். அதுதான் அவளுடைய முடிவாக இருக்கும். இவள் கை அசைய வேண்டுமானால் மனிதர் பேச்சு பற்றாது, சாமி சொல்ல வேண்டும்.

“பூக்கட்டிப் பாப்பமாத்தா?” என்றேன்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் பெரிய முடிவென்றால் அப்படித்தான். ஒரு தாளில் குங்குமம், இன்னொரு தாளில் திருநீறு, இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் போடுவது. விவரம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. குங்குமம் வந்தால் செய். திருநீறு வந்தால் பொறுத்திரு. இந்த வழக்கத்தைச் சொல்லி மருமகள் எத்தனையோ முறை என்னைக் கேலி செய்திருக்கிறாள். அன்றைக்கு, “சரி அத்தை” என்றாள்.

அடுப்படிக்குப் போனேன். சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் ஒன்றைக் கிழித்தேன். தக்காளி படம் போட்ட பக்கம். குங்குமச் சிமிழைத் திறந்து ஒரு தாளில் வைத்தேன். அடுத்த தாளிலும் குங்குமமே வைத்தேன். திருநீற்றுப் பக்கமே கை போகவில்லை. இரண்டையும் அழகாக மடித்துக்கொண்டு வந்து சாமி அலமாரி முன்னால் வைத்தேன்.

“இருங்க” என்றாள் மருமகள். எழுந்து வந்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள். இரண்டு தாள்களையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ரெண்டுலயும் குங்குமம்.”

“கண்ணு சரியாத் தெரியலத்தா.”

“கண்ணு நல்லாத்தான் தெரியும். தாயத்துல பேத்திகிட்டயே கள்ளாட்டம் ஆடுறவங்க நீங்க. அதான் பாத்தேன்.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “உங்க புள்ளை உயிரு அத்தை. இதுலயுமா?”

அவள் கையிலிருந்த தாள்களை வாங்கிக் கசக்கினேன்.

அவள் படுக்கையறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தப் பால்பவுடர் டப்பா.

“இதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. யாரோ எங்கேயோ மடிச்சது. இதுல நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. மேல இருக்கற படத்துல மட்டையோட ஒருத்தன் நின்னா ஆபரேஷன். பந்து போடறவன் வந்தா பொறுத்திருப்போம். மூணுல எது ரெண்டு தரம் வருதோ, அதுதான். நிஜமாக் கேப்போம் அத்தை. எனக்கு நிஜமா யாராவது சொல்லணும்.”

வினையை நானே கூப்பிட்டு நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த லீவில் வயிற்றுவலி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். வயிற்றைக் கிழிப்பதா என்று அவர் அண்ணனுக்குப் பயம். கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வண்டியைத் திருப்பினார். திருநீறு வந்தது. பொறுத்திருந்தோம். இரண்டாம் நாள் குடல் உள்ளேயே வெடித்து, அவர் போய்விட்டார்.

அன்றைக்குக் கோயிலில் பொட்டலம் எடுத்த பிள்ளை யார் தெரியுமா? என் மகன். பத்து வயதுப் பையன். எதற்கு எடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. காரியத்தன்று அவன் பெரியம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “நீ எடுத்த பொட்டலந்தான்டா” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எந்தப் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. கடையிலிருந்து வரும் மளிகைப் பொட்டலத்தைக்கூட நான்தான் பிரிப்பேன். பெண்டாட்டியிடம்கூட இதை அவன் சொன்னதில்லை. அவன் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

இப்போது அவன் மகளை எடுக்கச் சொல்லப்போகிறார்கள்.

பேத்திக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தலைவலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம். அவள் அம்மா கூப்பிட்டதும் வந்தாள். டப்பாவைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

“நோ, மம்மி. டாடி நோ டச்சிங் சொல்லியிருக்காங்க.”

“டாடி ஓகே சொல்லிட்டாங்க. ஒரு கேம். நீ ஒண்ணு எடு.”

பதினோரு பொட்டலங்களையும் தரையில் பரப்பினாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். பேத்தி கையை மேலே மேலே ஓட்டி ஒன்றை எடுத்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒட்டியிருந்த தாள், விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேலே இருந்த படத்தை மருமகள் கையில் வாங்கினாள்.

தொப்பி போட்ட ஒரு கிழவன். தொப்பை. கைகளைக் கட்டிக்கொண்டு, எதையோ மென்றுகொண்டு எங்களை முறைத்தான். மட்டையும் இல்லை, பந்தும் இல்லை.

“யாரு இது?” என்றாள் மருமகள்.

பேத்தி எழுத்தைப் படித்துவிட்டு, “மேனேஜர்” என்றாள்.

“மேனேஜரா?” என்றேன். “அதான் வெட்டியா நிக்கிறான்.”

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாய்ப் பழக்கம். “இது செல்லாது. அடுத்தது” என்றாள் மருமகள். மணி பத்து ஐம்பது.

இரண்டாவது பொட்டலத்தில் பபிள்கம் கண்ணாடி மாதிரி உடைந்து கொட்டியது. பேத்தி ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாள், கையில் ஒன்று போட்டேன். மேல் படம்: தோளுக்கு மேலே மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன். மீசை வைத்திருந்தான். எங்கள் ஊர் கண்டக்டர் மாதிரியே இருந்தான். என்னை அறியாமல் என் வாயெல்லாம் பல்.

“வந்துருச்சுல்ல, கெளம்பு” என்றேன்.

“ரெண்டு வரணும்.”

“சாமிகிட்டப் போய் ரெண்டு தரம் கேப்பாகளா? காது கேக்காதவகன்னு நெனச்சியா?”

“அத்தை, பேசாம இருங்க.”

மூன்றாவது பொட்டலம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கையைப் பின்னால் வளைத்து ஒருவன். விரல்களுக்கு நடுவில் வெள்ளையாகப் பந்து.

மருமகள் அந்தப் படத்தைத் தரையில் மட்டைக்காரனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றுக்கு ஒன்று. அவள் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அந்தப் பழைய கோயில் தரை ஞாபகம் வந்தது. திருநீறு வந்ததும் அவர் அண்ணன் விட்ட பெருமூச்சு ஞாபகம் வந்தது. பொறுத்திரு என்று வந்தால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம் பார். அந்த நிம்மதி மருமகள் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன். இன்னொரு பந்து வந்தால் போதும், என் பிள்ளை போய்விடுவான் என்று எனக்குத் தோன்றியது. டாக்டருக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“நாலாவது. இதுதான் கடைசி” என்றாள். “அப்பத்தா தொடக்கூடாது. நீயே எடு, நீயே பிரி. என்ன வந்துச்சுன்னு நீதான் சொல்லணும். மம்மி பாக்க மாட்டேன்.”

துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். துணிக்குள்ளே அவள் மூச்சு போய் வருவது தெரிந்தது.

பேத்தி நெடுநேரம் யோசித்து ஓரத்தில் கிடந்ததை எடுத்தாள். அந்தப் பொட்டலம் மட்டும் பிரிய மறுத்தது. மெழுகு உருகி, தாளோடு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் என்னிடம் நீட்டினாள்.

வாங்கினேன். தாளை உரித்தேன்.

பந்து.

பெரிய பந்து. அந்த ஆள் அதை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டினான். பேத்தி என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

என் கை என்னைக் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பின்னால் ஒட்டியிருந்ததிலிருந்து பெயர்த்து மடிக்குள் தள்ளியது. அடுத்தவன் கையில் தோலுறை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அவனை அடியில் செருகினேன். அதற்கடுத்தவன் மட்டையோடு நின்றான். அவனை மேலே வைத்தேன். இவ்வளவும் நீ ஒரு தும்மல் போடுகிற நேரம். எழுபது வயதில் இந்த விரல்கள் இப்படி ஓடும் என்று நானே நினைக்கவில்லை.

“என்ன வந்துச்சு?” துப்பட்டாவுக்குள்ளிருந்து கேட்டாள் மருமகள். “நீ சொல்லு பாப்பா. அப்பத்தா சொல்லக் கூடாது.”

பேத்தி என் மடியைப் பார்த்தாள். என் கையில் மேலே இருந்த மட்டைக்காரனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, சத்தியமாக. என்ன ஜாடை காட்டுவது? இந்தப் பிள்ளை வாயிலிருந்து எது வந்தாலும் அது இவள் தலையில் ஏறுமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கள்ளாட்டத்தை நான் ஆடிவிட்டேன். சொல்ல வேண்டியவள் இவளாகிவிட்டாள். சொல்லாதே ஆத்தா, ஒன்றும் சொல்லாதே, எழுந்து ஓடிப்போ என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“பேட், மம்மி” என்றாள். “பெரிய பேட்.”

மருமகள் துப்பட்டாவை எடுத்தாள். என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை. அப்புறம் எழுந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டப் போனாள். அது காலிலேயேதான் இருந்தது.

பேத்தியை எதிர்வீட்டு மலையாளத்து அம்மாவிடம் விட்டோம். வாசலில் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். “பேட் வந்தப்பதான் நீங்க சிரிச்சீங்க அப்பத்தா.”

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கு மாடிப்படி கண்ணுக்குத் தெரியவில்லை.

டாக்ஸி சிக்னலில் நின்றபோது நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. “லேட் ஆயிருச்சு, லேட் ஆயிருச்சு” என்று மருமகள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். டிரைவர் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், “அல்லா இருக்கான் பெஹன்” என்றார். ஆஸ்பத்திரியில் அவள் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். ஒரு தடவை போட்டாள். சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டாள்.

உள்ளே கொண்டுபோகும்போது மகன் முகத்தை எட்டிப் பார்த்தேன். நுரையை யாரோ துடைத்திருந்தார்கள். பாதித் தாடியோடு போனான்.

ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி நீ கேட்காதே, நான் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பந்துக்காரனை எங்கே போடுவதென்று தெரியாமல் ரவிக்கைக்குள் செருகியிருந்தேன். ஏசிக் குளிரிலும் வியர்த்து, அந்த அட்டை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அது என்னைக் கிள்ளியது. பொறு என்றுதானே சொன்னேன், கேட்டாயா, என் பேச்சை மறைத்தாயே என்று. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சாமி சொல்லிருச்சுல்ல அத்தை” என்று நடுநடுவே கேட்டாள். “சொல்லிருச்சுத்தா” என்றேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இவன் போய்விட்டால் இவளிடம் நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும், பேத்திக்கு விவரம் தெரியும் முன்னே பழியை என் மேல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஆறு மணி நேரத்தில் நாலு வார்த்தை சேரவில்லை.

பிழைத்துவிட்டான்.

முழுசாக இல்லை. இடது கை இன்னும் தூங்குகிறது. பேச்சு இழுக்கிறது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, என் விசாவை நீட்டித்திருந்தார்கள், நான் இங்கேயேதான் இருந்தேன். வந்த மூன்றாம் நாள் அலமாரியைக் காட்டினான். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே பிரித்த தாள்களையும் படங்களையும் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நின்றேன்.

“கிரிக்கெட்... ஒண்ணாவது... இருந்துச்சாம்மா?”

“இல்லடா. நாலுலயும் உலக்கைதான். உங்கப்பா ஒண்ணுகூடத் தப்பாமத் தப்பா வாங்கியிருக்காரு.”

ஒரு பக்கமாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது.

ஏன் பிரித்தோம் என்று அவன் கேட்கவில்லை. மருமகள் சொல்லியிருப்பாளோ என்னவோ. தெரப்பிக்கு வருகிற பெண் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி களிமண் உருண்டை ஒன்று கொடுத்திருக்கிறாள். அவன் அதைத் தொடுவதில்லை. மிச்சமிருக்கிற ஏழு பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இடது கையால் பிரிக்கப் பார்க்கிறான். ஒன்றைப் பிரிக்க அவனுக்கு ஒரு வாரம் ஆகிறது. நான் உதவி செய்யப் போனால் கையைத் தட்டிவிடுகிறான்.

போன வாரம் ஒரு சின்ன விஷயம். கராமாவிலேயே இருப்பதா, வாடகை குறைவான இடம் பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தது. மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“பூக்கட்டிப் பாக்கலாமா அத்தை? நீங்களே மடிங்க.”

அவள் துலக்கி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தேன். அந்தப் பந்துக்காரன் இப்போதும் என் சுருக்குப்பையில்தான் இருக்கிறான். வேண்டுமானால் காட்டுகிறேன். வேண்டாம், காட்ட மாட்டேன்.

அப்புறம் கட்டடத்தில் இருக்கிறவர்கள் விடுவார்களா? எதிர்வீட்டு மலையாளத்து அம்மா, மேல்மாடித் திருநெல்வேலிக்காரி, எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய முடிவை இரண்டு பொம்பளைகள் எப்படி எடுத்தீர்கள், கோயிலில் கேட்டீர்களா, ஜாதகம் பார்த்தீர்களா, ஊரிலிருந்து யார் சொன்னது என்று குடைந்தார்கள். பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது.

“யாரையும் கேக்கலம்மா” என்றேன். “எனக்கு என்ன தெரியும், நான் கைநாட்டு. அவ ஒருத்திதான் முடிவெடுத்தா. எம்மருமக ரொம்பத் தைரியக்காரி. டாக்டர் பேப்பர நீட்டினாரு, ஒருதரம் இல்ல, ரெண்டு தரம் கையெழுத்துப் போட்டா. அவ முடிவெடுத்தப்ப நான் அடுப்படியில ரசம் வச்சுக்கிட்டு இருந்தேன்.”